ஒரு செங்கல்கூட அசையவில்லை

மார்ச் 4

தொல்லியல் தலைமை அலுவலகத்தின் தூணும் என் அக்கா பெற்ற ஒரே வாலுமான மருமகளுக்கு,

தாய்மாமன் எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். எனக்குச் சளி, அவளுக்குக் கோபம். இரண்டும் வழக்கமான அளவில்தான் இருக்கின்றன. அங்கே நீ எப்படி இருக்கிறாய், அக்காவின் முட்டி எப்படி இருக்கிறது என்று எழுது. தைலத்தை மேலிருந்து கீழாகத் தேய்க்கச் சொல். கீழிருந்து மேலே தேய்த்தால் வலி தலைக்கு ஏறிவிடும் என்று ஒரு டாக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் மாட்டு டாக்டர் என்பாள் உன் அத்தை. முட்டி யாருக்கு இருந்தாலும் முட்டிதானே.

கடலோரப் புத்த இடங்களைக் கவனிக்கும் மேஜைக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். படித்த கையோடு கேட்டருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னேன். "இந்தக் கரை மொத்தமும் இனிமே எங்க வீட்டுப் பொண்ணு கையில." ஒருவர் டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லையே என்றார். உன் பெயரைச் சொல்லி அவரை இலவசமாக உள்ளே விட்டேன். யாரிடமும் சொல்லாதே.

உன் கோப்புகளில் நம் இடத்தைப் பற்றி வறட்சியாக எழுதியிருப்பார்கள். 'செங்கல் ஸ்தூப மேடு ஒன்று, பிக்குகளின் அறை வரிசை ஒன்று, புத்தர் பாதக்கல் ஒன்று, அமர்ந்த நிலைப் புத்தர் சிலை ஒன்று' என்று மளிகைச் சாமான் மாதிரி. எட்டாவது வரை படித்த நான் இருக்கும்போது அந்த வறட்சி எதற்கு? ஆயிரம் பிக்குகள் ஒரே மூச்சில் ஓதினால் அலை நின்று கேட்ட இடம் இது. கூரைக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறாரே நம் பெரியவர், அவர் மூக்கு நுனி போனது எப்படி? ராஜாவின் வெள்ளை யானை பிரியத்தில் துதிக்கையால் தடவியது. அதைப் போன வாரம் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரிடம் சொன்னேன்.

"யானையா? எந்த நூல்ல இருக்கு?" என்றார்.

"நூல்ல இல்லீங்க, இங்க இருக்கு" என்று தரையைக் காட்டினேன்.

குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். நிமிரும்போது கண்ணில் தண்ணீர். கண்ணில் மணல் விழுந்தது என்கிறாள் உன் அத்தை. அவளுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். உனக்கு ஆசி, கை கொள்ளாத அளவு.

உன் தாய்மாமன்
(இந்தக் கரையின் மூத்த காவல்காரன்)


மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

வாலு எழுதுகிறேன். நான் நலம். அம்மாவின் முட்டி பரவாயில்லை. மேலிருந்து கீழாகத்தான் தேய்க்கிறாள். உங்கள் சளி குறைந்ததா? அத்தையின் கோபம் குறைய வேண்டாம், அது இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

மாமா, இந்த விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். நம் கரையில் கடல் அரிக்கும் புத்த இடங்கள் மூன்று. வடக்கு மேடு, நடுவில் குகை அறைகள், தெற்கில் உங்களுடையது. இந்த வருஷம் கருங்கல் தடுப்புச் சுவர் கட்ட ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுமதி. கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு முன்னால் கல் கொட்டியாக வேண்டும். எந்த இடம் மிகவும் மோசமாக இருக்கிறதோ அதற்குத்தான் சுவர். மூன்று காவல்காரர்களும் அனுப்பும் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதிகாரி நேரில் வருவது மழைக்குப் பிறகுதான்.

நீங்கள் என் மாமா என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நான் உங்கள் பக்கம் சாய்கிறேன் என்பார்கள். அதனால் உங்கள் அறிக்கையில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் நான் மேலே வைக்க முடியும்.

அறை வரிசையில் நாலாவது அறை எப்படி இருக்கிறது? பள்ளி லீவில் வந்தால் நான் ஒளிந்துகொள்ளும் அறை. அங்கே சுவரில் காதை வைத்தால் கடல் எங்கோ தூரத்தில் இரைவது கேட்கும். இப்போது கடல் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது மாமா? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

அத்தைக்கு என் முத்தம்.

வாலு


ஏப்ரல் 2

அறிவிலும் அழகிலும் என்னையே கொண்டு பிறந்த மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சளி போய்விட்டது. போகிற போக்கில் இருமலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது, ஆள் துணைக்கு.

கடலைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடல் இருக்கிறது. எங்கே போகும்? சாயங்காலமானால் மேட்டின் காலடி வரை வந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மரியாதை தெரிந்த கடல். நான் சாவிக்கொத்தைக் குலுக்கினால் ஓரடி பின்வாங்கும், பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சேதம் என்று கேட்டால், ஒரு செங்கல்கூட அசையவில்லை. நான் காவலிருக்கும் இடம் இது. வடக்கு மேட்டுக்காரன் மாதிரி என்னையும் நினைத்தாயா? சம்பளம் வாங்கப் போகும் இடத்தில் அவனைப் பார்க்கிறேனே, சட்டைப் பொத்தானையே காவல் காக்கத் தெரியாதவன். அவன் மேடு சரிந்தால் ஆச்சரியமில்லை. நல்லபடியாக வைத்திருப்பவனுக்குத்தான் அரசாங்கம் கை கொடுக்கும். சுவர் நமக்குத்தான், நீ கவலைப்படாதே. ஆதாரத்துக்குப் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், பார்.

மற்றபடி வீட்டில் கொஞ்சம் நெருக்கடி. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். தூரத்து உறவு, ரொம்ப மரியாதைப்பட்டவர்கள். சாப்பாடு கேட்பதில்லை, சத்தம் போடுவதில்லை, வைத்த இடத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் உன் அத்தை முணுமுணுக்கிறாள்.

"படுக்கறதுக்கு எடம் இல்ல. இன்னும் எத்தனை பேரக் கூட்டியாரப் போற?" என்கிறாள்.

"பெரியவங்க வந்தா எடம் தானா உண்டாகும்" என்றேன். உண்டாகவில்லை. நான் இப்போது வாசல் பக்கம் படுக்கிறேன். காற்றாட நன்றாக இருக்கிறது. மகாராஜாக்கள் இப்படித்தான் படுப்பார்கள்.

அக்காவின் முட்டியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அசையாத மாமன்


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலமென்று நம்புகிறேன். இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டீர்களா?

போட்டோ கிடைத்தது. அதில் உங்களுக்கும் கடலுக்கும் நடுவே சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த மரங்கள் நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷமே விழுந்துவிட்டன மாமா. அதோடு, பக்கத்தில் நிற்கும் அத்தைக்குத் தலையில் ஒரு நரைமுடி இல்லை. அத்தையிடம் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

நான் உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்களிடம் கதை கேட்டு வளர்ந்தவள் நான். நண்டைச் சொன்னால் அது ஆமை அளவுக்கு இருக்கும். தூறலைச் சொன்னால் ஊரே மிதக்கும். எதையும் பெரிதாக்க உங்களைவிட ஆள் கிடையாது. இந்த ஒரு தடவை சேதத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு செங்கல் விழுந்திருந்தால் ஒன்பது என்று எழுதுங்கள், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. அதுகூட வேண்டாம். விழுந்தது விழுந்தது என்று எழுதினால் போதும்.

வடக்கு மேட்டு அறிக்கை வந்துவிட்டது. நாலு பக்கம். படித்தால் அழுகை வருகிறது. மாத முடிவுதான் கடைசி நாள். உங்களுடையது மட்டும் இன்னும் வரவில்லை.

விருந்தாளிகள் போய்விட்டார்களா? யார் அவர்கள்? அம்மாவுக்கும் தெரியவில்லை என்கிறாள்.

வாலு


மே 10

மருமகளுக்கு,

சுகம். உங்கள் சுகத்தை எழுதவும்.

பதில் தாமதம் என்று நினைத்திருப்பாய். வேலை. போட்டோவில் இருப்பது உன் அத்தைதான். இப்போதும் அவள் அப்படித்தான் இருக்கிறாள், என் கண்ணுக்கு.

சம்பளத்தன்று வடக்கு மேட்டுக்காரனைப் பார்த்தேன். கிளை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் குமாஸ்தாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். "போச்சுங்கய்யா, எல்லாம் போச்சு. கண்ணு முன்னாலயே போச்சு." குமாஸ்தா அவனுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே குடித்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, உங்க பக்கம் எப்படி?"

"எங்க பக்கம் என்ன, ஜம்முனு இருக்கு."

"உங்க பக்கம்தான் எங்களவிட மோசம்னு மீன்காரங்க சொன்னாங்க."

"மீன்காரன் மீனப் பாக்கட்டும்" என்றேன். ஆபீசே சிரித்தது. எனக்கு டீ வரவில்லை. நானே காசு கொடுத்துக் குடித்தேன். நல்ல டீ.

அறிக்கையை அன்றைக்கே அந்தக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன். சேதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, சந்தேகம் வரக்கூடாது என்று அடிக்கோடு போட்டேன். எத்தனை வருஷமாக அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதி வந்த கை இது. 'காவல்காரன் இருக்கும்போதே போய்விட்டது' என்று அது எப்படி எழுதும்? அழுது வாங்கும் சுவர் நமக்கு வேண்டாம். கௌரவமாக வரட்டும்.

உன் அத்தைக்கு மணிக்கட்டில் லேசான பிடிப்பு. விருந்தாளிகளில் ஒருவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வரும்போது சுளுக்கிக்கொண்டது. ஆள் கொஞ்சம் கனம். உட்கார்ந்தபடியே வந்தார், வலை இழுக்கிறவர்கள் வண்டி கொடுத்தார்கள். அவருக்குச் சமையலறையில் இடம் கொடுத்திருக்கிறோம். அடுப்புப் புகை அவருக்கு ஆகாது என்று உன் அத்தை இப்போது வெளியே மூன்று கல் வைத்துச் சமைக்கிறாள். இப்படி ஒரு பெண்பிள்ளை அகில உலகத்திலும் கிடையாது. கோபம் மட்டும்தான் அதிகம்.

"உன் மருமகளுக்கு உள்ளத எழுதேன்" என்கிறாள் அவள்.

"எழுதிட்டுத்தான இருக்கேன்."

"நீ எழுதறத நான் படிச்சேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது.

அக்காவுக்கு வணக்கம்.

மாமா


ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

அத்தையின் கை எப்படி இருக்கிறது? கட்டுப் போட்டீர்களா? கனமான எதையும் தூக்க விடாதீர்கள். அம்மா ரொம்பவும் கேட்டாள்.

முடிவாகிவிட்டது. சுவர் வடக்கு மேட்டுக்கு. உங்கள் அறிக்கையைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். 'நன்கு பராமரிக்கப்படுகிறது, நடவடிக்கை தேவையில்லை' என்று என் கையாலேயே குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.

மழை விட்டதும் அதிகாரி மூன்று இடங்களுக்கும் வருவார். அநேகமாக ஜூலையில்.

மாமா, போன கடிதத்தை நான் நாலைந்து முறை படித்தேன். உட்கார்ந்தபடியே வந்த அந்த விருந்தாளி யார் என்று கேட்க நினைக்கிறேன். கேட்டால் நீங்கள் ஒரு கதை சொல்வீர்கள். சொல்லாமல் விட்டாலோ அதைவிடப் பயம். அதனால் கேட்கவில்லை.

பத்திரமாக இருங்கள். கடல் ஏறினால் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், நீங்கள் இரண்டு பேர் வந்தால் போதும்.

வாலு


ஜூன் 30

மருமகளுக்கு மாமன் எழுதுவது.

உயிரோடு சுகமாக இருக்கிறோம். இந்த முறை கடலைப் பற்றி நான் பெரிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. பெரிதாகச் சொல்ல அது எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் பயப்படாதே, மழை விட்டுவிட்டது. துணி காய்கிறது.

வடக்கு மேட்டுக்குச் சுவர் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கல் லாரிகள் நம் கேட்டைத் தாண்டித்தான் போகின்றன. கருங்கல்லில் அப்படி ஒரு ஜாதிக்கல். ஒவ்வொன்றும் யானைக்குட்டி அளவு. இதில் நான் ஒரு இம்மிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மழைக்கு முந்தின வாரம் ஒரு லாரி நம் கேட்டிலேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்தான். சின்ன வயசுக்காரன்.

"தாத்தா, புத்தர் மேடு இதானே? எங்க இறக்கட்டும்?"

உன் அத்தை வெளி அடுப்பருகே இருந்தாள். கரண்டியைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். நான் கேட்டைத் திறக்கக் கொத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன், பழக்க தோஷம். அந்தப் பையன் பின்பக்கம் போய்க் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

"தம்பி, இது தெற்கு. உனக்கு எழுதியிருக்கறது வடக்கு" என்றேன்.

"மேடு இதுவும் மேடுதானே தாத்தா. பாத்தா இதுக்குத்தான் வேணும் போல இருக்கு."

"அரசாங்கத்துக் கல்லு. யாருக்கு எழுதியிருக்கோ அவங்களுக்குத்தான் போகணும். நேரா போ, பாலத்துக்கப்புறம் வலது கைப்பக்கம்."

வழி சொன்னதோடு விடாமல், அவன் வண்டியைத் திருப்புவதற்கு விசில் அடித்துக் கையும் காட்டினேன். நான் காட்டியதில் ஒரே திருப்பில் திரும்பியது. பெரிய லாரி அது.

லாரி கண்ணுக்கு மறைந்த பிறகு உன் அத்தை சொன்னாள், "ஒரு லோடாவது இறக்க விட்டிருக்கலாம்." அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. கோபமில்லை, வெறுமனே பேசவில்லை. கோபமாவது பட்டிருக்கலாம்.

விருந்தாளிகள் சுகம். எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் வருவதற்கு ஆளில்லை.

மாமா


ஜூலை 28

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது?

அதிகாரி நேற்று திரும்பி வந்தார். எங்கள் அறையில் நின்று எல்லோருக்கும் சொன்னார். தெற்கு மேட்டில் பாதி இல்லை, வெட்டிய ரொட்டி மாதிரி நிற்கிறது. அறை வரிசை முழுதும் கடலுக்குள். கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர். "சிலை எங்கே இருந்துச்சு தெரியுமா? காவல்காரன் வீட்டுச் சமையலறையில. பக்கத்துல பாதக்கல். அது மேல ஒரு சீப்பு. ரெண்டு அறையிலயும் கூரை வரைக்கும் செங்கல். அந்தப் பொம்பள வெளியில சமைக்குது, அந்த ஆள் வாசல்ல படுக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். "திருட்டா, கிறுக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"திருடன் சாக்பீஸால எழுதி வைப்பானா?" என்றார் அதிகாரி. ஒவ்வொரு செங்கலிலும் எந்த அறை, எந்த வரிசை என்று எழுதியிருக்கிறதாம், பெண் கையெழுத்து. "அதுல ஒண்ணுதான் புரியல. 'வாலு அறை, மூணாம் வரிசை'ன்னு நிறைய கல்லுல இருக்கு. வாலுன்னா என்ன? பழைய பாலி மொழி வார்த்தையா இருக்குமோ?"

பக்கத்து மேஜைக்காரர் அகராதியை எடுக்கப் போனார்.

நான் எழுந்து, "வாலு நான்தான் சார். அவர் என் மாமா" என்றேன்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. என்னை வேறு மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதை நினைத்து வருத்தப்படாதீர்கள், இந்த மேஜைக்கு மின்விசிறி பக்கம். அந்தச் சாக்பீஸ் எழுத்தால்தான் போலீசுக்குப் போகவில்லை. ஆனால் பொய் அறிக்கைக்காக உங்களை வேலையிலிருந்து எடுக்கிறார்கள். சிலை இடத்தில் இல்லை, மேடும் பாதி இல்லை என்று சொல்லி, தெற்கு மேட்டின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பெரியவரும் செங்கல்களும் இங்கே வந்துவிடுவார்கள். வைக்கப்போவது பின்கட்டுக் கிடங்கில். ஜன்னல் இல்லாத அறை, உடைந்த நாற்காலியும் ஓடாத டைப்ரைட்டரும் போடும் இடம். வருஷத்துக்கு ஒரு தடவை திறப்பார்கள், சாவி எங்கள் அறை ஆணியில்தான் தொங்குகிறது.

அத்தனை கல்லையும் நீங்களும் அத்தையும் கையால் சுமந்திருக்கிறீர்கள். அதற்குப் பதில் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே மாமா.

வாலு


ஆகஸ்ட் 20

வாலுவுக்கு,

நலம். அத்தை நலம்.

லாரி வந்தது. ஏற்றினோம். வைக்கோல் வைத்தேன்.

குடியிருப்பைக் காலி செய்துவிட்டோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

உன் மேஜை மாறியது என்னால்.

எழுத வேறு இல்லை.

மாமா


செப்டம்பர் 9

கடலையே ஓரடி பின்வாங்க வைத்த என் தாய்மாமனுக்கும், அவரையே ஓரடி பின்வாங்க வைக்கும் அத்தைக்கும்,

உங்கள் மருமகள் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமோ சுகம். அம்மாவின் முட்டி குணமாகி, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறாள்.

பெரியவர் வந்து சேர்ந்தார். அவர் வந்த வரவை என்னவென்று சொல்ல. வாசலில் அலுவலகமே திரண்டு நின்றது. கிடங்குக்கா அனுப்புவது என்று மேலதிகாரியே கோபித்துக்கொண்டு, நடுக்கூடத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துவிட்டார். காலை வெயில் முகத்தில் படுகிறது. பார்க்க வருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், தினம் முந்நூறு பேர் இருக்கும். நேற்று ஒரு பேராசிரியர் வந்து மூக்கு எப்படிப் போனது என்று கேட்டார். ராஜாவின் வெள்ளை யானையைச் சொன்னேன். "எந்த நூல்ல இருக்கு?" என்றார். "என் மாமாகிட்ட இருக்கு" என்றேன். ஆள் கண் கலங்கிவிட்டார்.

செங்கல்களைக் கண்ணாடிக்குள் அடுக்கப் போகிறார்களாம். அத்தையின் கையெழுத்தைப் பார்த்து அதிகாரிகள் அசந்துபோகிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும் நேரம் அது.

பெரிய கடிதமாகப் பதில் போடுங்கள் மாமா. சின்னக் கடிதம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

வாலு


செப்டம்பர் 25

நடுக்கூடத்து நாயகியான என் மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. சுகம். இருமல் நாட்பட்ட உறவாகிவிட்டது, அதனால் அதை விசாரிக்க வேண்டாம். உன் அத்தையின் கை தேறிவிட்டது. நேற்று என்னைப் பார்த்துக் கரண்டியை ஓங்கினாள், பழைய வேகம்.

உன் கடிதத்தை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை, "உன்னைத்தான் கொண்டிருக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருமகளே, அனுபவஸ்தன் என்ற முறையில் சில யோசனைகள். ஜூலையில் அந்தக் கட்டடத்தில் ஜன்னல் இல்லாத கிடங்கு இருந்தது. செப்டம்பரில் ஜன்னல் வந்து, வெயிலும் வந்துவிட்டது. அவ்வளவு சுறுசுறுப்பான அலுவலகத்துக்கு என் பாராட்டைச் சொல். அடுத்து, முந்நூறு பேர் என்று எழுதியிருக்கிறாய். அது என்ன கஞ்சத்தனம்? மூவாயிரம் என்று போடு. பேராசிரியர் கண் கலங்கியது போதாது, விழுந்து கும்பிட வேண்டும். உன் அம்மா படியைத் தாண்டுவதை மட்டும் எடுத்துவிடு. என் அக்கா சின்ன வயசிலேயே படி தாண்டினவள் இல்லை.

அந்த மத்தியானச் சாப்பாட்டை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதில் கைவைக்க எதுவும் இல்லை.

இங்கே பேருந்து நிலையத்தில் எனக்கு நல்ல மரியாதை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு மேட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு குடும்பம், பையும் பிள்ளையுமாக. யானை வரை வந்துவிட்டேன். அந்த ஆள் எழுந்தே விட்டார்.

"இப்பவே போனா பாக்கலாமாங்க? எந்த பஸ்ஸு?"

அந்த வழி பஸ் எதிரே நின்றுகொண்டிருந்தது. பார்க்கலாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பின்னால் உன் அத்தை உட்கார்ந்திருந்தாள்.

"இல்லீங்க. கடல் எடுத்துக்கிச்சு. நான்தான் அங்க காவல் இருந்தேன்" என்றேன்.

அந்த ஆள் பையை இறக்கி வைத்து மறுபடி உட்கார்ந்தார். "சரி, அந்த யானை அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். மிச்சத்தைச் சொன்னேன். அவருடைய பஸ் வந்து போயிற்று, அடுத்ததில்தான் ஏறினார்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இதில் ஜோடனை ஒன்றுமில்லை. சாக்பீஸ் எழுத்து ரொம்ப நாள் நிற்காது. மூடிய அறையில் ஈரம் ஏறினால் முதலில் அதுதான் போகும். நீ சாப்பிடப் போகும்போது ஒரு பென்சில் எடுத்துப் போ. தினம் கொஞ்சமாக, உன் அத்தை எழுதியிருப்பதன் மேலேயே அழுத்தி எழுதிக்கொண்டு வா. எந்த அறை, எந்த வரிசை என்று தெரிந்தால், யாராவது எங்காவது ஒரு நாள் திரும்ப அடுக்குவார்கள். நாலாவது அறைக்கு மட்டும் எண் போட்டிருக்காது. உன் அத்தைக்கு அந்த அறைக்கு வேறு பெயர் தெரியாது. அதை மாற்றாதே.

உன் அறைக் கல்லை மேலே வை. தரையில் வைத்தால் ஓதம் ஏறும்.

அக்காவுக்கு வணக்கம். பெரியவரைக் கேட்டதாகச் சொல்.

உன் தாய்மாமன்